4.22-இல் ஏமாந்தவன் எழுதும் கம்பைன் கையேடு

2017 மார்ச் மாதம். அந்த வருட என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எந்த வைட் ரிசீவர் (வீசிய பந்தை ஓடிப் பிடிப்பவர்) பெரிய ஆளாக வருவார் என்று நண்பர்கள் ஆறு பேர் பந்தயம் கட்டினோம். தோற்றவர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தரவேண்டும். டிராஃப்டுக்கு முன் நடக்கும் சோதனை முகாமான கம்பைனில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் ராஸ் 40 கெஜத்தை 4.22 விநாடியில் ஓடி அதுவரை இருந்த 4.24 சாதனையை உடைத்ததைப் பார்த்தேன். வேறு எதையும் பார்க்காமல் அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சின்சினாட்டி பெங்கால்ஸ் ராஸை 9ஆவது ஆளாக எடுத்தது. முதல் சீசனில் அவர் மூன்றே ஆட்டங்களில் இறங்கினார், ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. அதே கம்பைனில் கிழக்கு வாஷிங்டனின் கூப்பர் கப் 4.62-இல் ஓடினார். 'மெதுவானவர்' என்ற முத்திரையோடு 69ஆவது ஆளாக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போனார். 2021 சீசனில் 145 பந்துகள், 1,947 கெஜம், 16 டச்டவுன் என்று மூன்று கணக்கிலும் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். பிரியாணிக்கான பில் என்னிடம் வந்தது.

எரிச்சல் தோற்றதில் இல்லை. கப்பின் மூன்று கூம்பு ஓட்டம் (வேகமாகத் திரும்பத் தெரியுமா என்று பார்க்கும் சோதனை) 6.75 விநாடி என்பது நான் பார்த்த அதே கம்பைன் எண்கள் தாளில், நாலு கட்டம் தள்ளி இருந்தது. நான்தான் படிக்கவில்லை. அதற்கப்புறம் அந்தத் தாளை எந்த வரிசையில் படிப்பது என்று எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். கீழே இருப்பது அதுதான்.

தாளைத் தொடும் முன், இடம் பொருள் தெரிந்துகொள்ளுங்கள்

கல்லூரி வீரர்களை என்எஃப்எல்லின் 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் பங்கு போட்டுக்கொள்வதுதான் டிராஃப்ட். ஏப்ரல் கடைசியில் நடக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்னால், பிப்ரவரி இறுதியில், முந்நூற்றுச் சொச்சம் வீரர்களை ஒரே இடத்துக்கு வரவழைத்துச் சோதிப்பதே கம்பைன். 1987 முதல் அது இண்டியானாபொலிஸில் நடக்கிறது. 1982-இல் டாம்பாவில் சிறியதாக ஆரம்பித்தபோது நோக்கமே மருத்துவப் பரிசோதனைதான். ஒவ்வொரு அணியும் ஒவ்வொரு வீரனைத் தனித்தனியாக எக்ஸ்ரே எடுக்க வேண்டாமே, ஒரே இடத்தில் முடித்துவிடலாமே என்ற சிக்கன யோசனை அது. ஓட்டமும் தாவலும் தொலைக்காட்சிக்குத் தோதாக இருந்ததால் பின்னாளில் முன்வரிசைக்கு வந்துவிட்டன.

கம்பைன் முடிந்த பிறகு, மார்ச்சில், ஒவ்வொரு கல்லூரியும் தன் மைதானத்திலேயே ப்ரோ டே நடத்தும். அழைப்பு வராதவர்களும், இண்டியானாபொலிஸில் ஓடாமல் இருந்தவர்களும் அங்கே ஓடுவார்கள். இந்த இரண்டு இடத்து எண்களையும் ஒரே பெட்டியில் போடக்கூடாது. ஏன் என்பது மூன்றாம் படியில் வரும்.

படி 1: முதலில் எடை

ஸ்கவுட்டுகள் (அணிகளுக்காக வீரர்களை எடைபோடுபவர்கள்) உயரத்தை நான்கு இலக்கமாக எழுதுவார்கள். 6033 என்று இருந்தால் 6 அடி, 03 அங்குலம், கடைசி 3 என்பது எட்டில் மூன்று பங்கு. அதாவது 6 அடி 3 அங்குலமும், ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கும். சுமார் 191 சென்டிமீட்டர். கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் போடும் உயரத்தில் ஓரிரு அங்குலம் தாராளமாக ஏறியிருக்கும். கம்பைனில் செருப்பில்லாமல் நிற்க வைத்து அளப்பதால் அங்கேதான் நிஜம் தெரியும்.

எடையை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மற்ற எல்லா எண்களும் எடையோடு சேர்ந்தால்தான் பேசும். 185 பவுண்டு ஆள் 4.35-இல் ஓடுவதும் 225 பவுண்டு ஆள் 4.45-இல் ஓடுவதும் ஒன்றா? ரன்னிங் பேக்குகளுக்கு (பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவர்கள்) இதைக் கணக்குப் போட பில் பார்ன்வெல் என்ற விளையாட்டு எழுத்தாளர் ஒரு சூத்திரம் கொடுத்தார்: எடையை 200-ஆல் பெருக்கி, 40 கெஜ நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். 100 வந்தால் சராசரி. மேலே சொன்ன இருவருக்கும் போட்டுப் பாருங்கள். ஒல்லியானவருக்கு 103, கனமானவருக்கு 115 வரும். பத்தில் ஒரு விநாடி பின்தங்கியவர்தான் இங்கே முன்னால் நிற்கிறார்.

கை நீளம், உள்ளங்கை அளவு இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். டேக்கிளாக (முன்வரிசை ஓரத்தில் நின்று எதிரணியைத் தடுப்பவராக) ஆடுபவருக்குக் கை 34 அங்குலம் இருக்கவேண்டும் என்பது பழைய நம்பிக்கை. கிளீவ்லாந்தின் ஜோ தாமஸுக்கு 32 அரை அங்குலம்தான். அவர் 10,363 ஆட்டத் துண்டுகள் (பந்து கிளம்பி நிற்கும் வரை ஒரு துண்டு) ஒன்றைக்கூட விடாமல் ஆடினார்.

படி 2: 40 கெஜத்தைத் துண்டு போடுங்கள்

40 கெஜம் என்றால் 36.6 மீட்டர். இதை ஒரே எண்ணாகப் பார்ப்பது, ஒருவருடைய பரீட்சை மார்க்கில் மொத்தத்தை மட்டும் பார்ப்பது மாதிரி. முதல் 10 கெஜத்தின் நேரமும் தனியாகக் கிடைக்கும். அதை எழுதிக்கொண்டு, மொத்தத்திலிருந்து கழித்து, மீதி 30 கெஜத்தின் நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

யோசித்துப் பாருங்கள், முன்வரிசையில் மோதும் 310 பவுண்டு லைன்மேன் ஆட்டத்தில் எப்போது 40 கெஜம் ஓடுகிறார்? யாராவது அவர் அணியின் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடும்போது, பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடினால் உண்டு. அவர் பிழைப்பு முதல் மூன்று அடியில் இருக்கிறது. பந்தை வீசும் குவாட்டர்பேக்கை ஓரத்திலிருந்து துரத்தும் எட்ஜ் ரஷருக்கும் அப்படியே. இவர்களுக்கு 10 கெஜ நேரத்தில் கோடு போட்டு வைத்துக்கொண்டு மொத்தத்தை மறந்துவிடலாம். எட்ஜ் ரஷருக்கு 1.6 பக்கம் வந்தால் நிமிர்ந்து உட்காருவேன். ரிசீவருக்கும், அவரை ஒட்டியே ஓடித் தடுக்கும் கார்னர்பேக்குக்கும் கடைசி 30 கெஜம் முக்கியம். தலைக்கு மேல் போகும் பந்து அங்கேதான் விழுகிறது.

அங்கே பத்தில் ஒரு விநாடி என்றால் எவ்வளவு? முழு வேகத்தில் ஓடும் ரிசீவர் விநாடிக்குப் பத்து கெஜம் கடக்கிறார். ஆக 0.1 விநாடி என்பது ஒரு கெஜம். ஒரு கெஜ இடைவெளி இருந்தால் பந்து பிடிபடும். இல்லாவிட்டால் கார்னர்பேக்கின் விரல் நடுவில் வந்துவிடும். நூறில் ஒரு விநாடிக்கோ நாலு விரல்கடை அகலம்தான். 4.44-க்கும் 4.46-க்கும் சண்டை போடுபவர்களோடு சேராதீர்கள்.

படி 3: கடிகாரம் யார் கையில்?

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கம்பைன் நேரம் முழுக்க மின்னணு முறை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வீரர் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பார். துப்பாக்கிச் சத்தம், விசில் எதுவும் கிடையாது, அவர் நினைத்தபோது கிளம்பலாம். அவர் உடல் அசைந்ததும் ஓர் ஆள் பொத்தானை அழுத்துவார். முடிவுக் கோட்டில் மட்டும் ஒளிக்கற்றை தானாக நிறுத்தும். தடகளத்தில் துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து கணக்கு ஓடும். வீரர் அதைக் கேட்டுக் கிளம்பும் நேரமும் அதில் சேரும். இங்கே அது சேராது. 2019-இல் அட்லாண்டாவில் நடந்த ரசிகர் நிகழ்ச்சியில் உசேன் போல்ட், ஓய்வு பெற்ற பிறகு, சாதாரண ஷூவில் 4.22-இல் ஓடிக் காட்டினார். 'போல்டும் ராஸும் ஒரே வேகம்' என்று வாட்ஸப்பில் சுற்றிய செய்திக்கு அர்த்தமே இல்லை. யார் எப்படி நேரம் எடுத்தார்கள் என்று தெரியாமல் இரண்டு ஓட்டங்களை ஒப்பிட முடியாது.

ப்ரோ டேயில் இன்னும் மோசம். ஆரம்பமும் முடிவும் கைக்கடிகாரத்தில்தான். பத்து ஸ்கவுட்டுகள் நின்றால் பத்து நேரம் வரும், வெளியே கசிவது அவற்றில் அழகான ஒன்று. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். யாராவது 40 கெஜம் ஓடும் வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து, அதே வீடியோவுக்குப் பத்து முறை நேரம் எடுங்கள். எனக்கு முதல் தடவை 4.38 வந்தது, ஏழாவது தடவை 4.52. ஓடியவர் மாறவில்லை, என் கட்டைவிரல்தான் மாறியது.

அதனால் ப்ரோ டே நேரத்தோடு நான் 0.05 கூட்டி எழுதுவேன். விஞ்ஞானம் இல்லை, என் வழக்கம். 2021-இல் கொரோனாவால் இண்டியானாபொலிஸில் களச் சோதனையே நடக்கவில்லை, எல்லா நேரமும் ப்ரோ டே நேரம்தான். அந்த ஆண்டு வீரர்களை மற்ற ஆண்டுக்காரர்களோடு ஒப்பிடும்போது அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: தாவல்

நின்ற இடத்திலிருந்து மேலே எம்புவது, நின்ற இடத்திலிருந்து முன்னால் தாண்டுவது என இரண்டு. ஓட்டத்தில் இருக்கும் கடிகாரக் குழப்பம் இங்கே இல்லை. அளவுநாடா பொய் சொல்லாது. முன்தாவலில் இரண்டு காலையும் ஊன்றி அசையாமல் நிற்கவேண்டும், தடுமாறினால் அந்தத் தாவல் போச்சு. இடுப்பிலிருந்து கீழே எவ்வளவு வெடி இருக்கிறது என்று இதைவிட நேர்மையாகச் சொல்லும் சோதனை கிடையாது என்பது என் கட்சி.

2015-இல் பைரன் ஜோன்ஸ் 12 அடி 3 அங்குலம் தாண்டினார், 3.73 மீட்டர். டாலஸ் கௌபாய்ஸ் அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது. எடையைச் சேர்த்துப் பார்க்கும் விதி இங்கேயும் உண்டு. மைல்ஸ் கேரட் 272 பவுண்டை 41 அங்குல உயரத்துக்குத் தூக்கினார். 2017-இல் முதல் ஆளாகப் போனார், போகவேண்டியவர்தான்.

படி 5: திரும்பத் தெரியுமா?

கப்பின் 6.75 இங்கேதான் ஒளிந்திருந்தது.

மூன்று கூம்புகளை 'ட' எழுத்து மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கெஜம் இடைவெளி விட்டு வைப்பார்கள். முதல் கூம்பிலிருந்து இரண்டாவதுக்கு ஓடிக் கோட்டைத் தொட்டு, திரும்பி வந்து தொட்டு, மறுபடி ஓடி இரண்டாவதைச் சுற்றி, மூன்றாவதை உள்பக்கமாக வளைத்துக்கொண்டு, திரும்பவும் இரண்டாவதைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வரவேண்டும். முழு வேகத்தில் வந்து நிற்பது, தோளைச் சாய்த்து வளைவது, மறுபடி வேகமெடுப்பது எல்லாமே இதில் இருக்கிறது. ரிசீவரின் வேலை என்ன? ஓடி, சட்டென்று நின்று, திரும்புவதுதான். எட்ஜ் ரஷருக்கும் டேக்கிளைச் சுற்றி வளைந்து உள்ளே நுழையும் அந்தச் சாய்வுதான் சோறு போடுகிறது. ஜே. ஜே. வாட் 290 பவுண்டு எடையோடு இதை 6.88-இல் முடித்தார். பல ரிசீவர்களுக்கே வராத நேரம் அது.

இன்னொன்று 20 கெஜ ஷட்டில். நடுவில் நின்று ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் பத்து, திரும்ப ஐந்து. சென்டராகவும் கார்டாகவும் ஆடும் லைன்மேன்களுக்கு நான் முதலில் தேடும் எண் இது. ஜேசன் கெல்சி 2011-இல் 280 பவுண்டில் 4.14 ஓடினார். ஆள் சின்னது என்று சொல்லி 191ஆவது இடம் வரை யாரும் தொடவில்லை. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு அவர் 13 சீசன் ஆடியது ஊரறிந்த கதை.

வருத்தம் என்னவென்றால், இந்த இரண்டையும் தவிர்க்கும் வீரர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். 40 நன்றாக வந்தால் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

படி 6: பெஞ்ச் பிரெஸ்

225 பவுண்டு, அதாவது 102 கிலோ. எத்தனை முறை தூக்குகிறார் என்று எண்ணுவார்கள். கை நீளமானவர் அதிக தூரம் தூக்கவேண்டியிருப்பதால் இயல்பாகவே பின்தங்குவார். 1999-இல் ஜஸ்டின் எர்னஸ்ட் 51 முறை தூக்கினார். எந்த அணியும் அவரை டிராஃப்டில் எடுக்கவில்லை. அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

படி 7: ஆடும் இடத்துக்குள் வைத்து ஒப்பிடுங்கள்

2003-இல் அன்குவான் போல்டின் 4.72 ஓடினார். 2014-இல் ஏரன் டொனால்ட் 4.68. ஏறக்குறைய ஒரே எண்தான். போல்டின் ரிசீவர், ரிசீவர்களின் சராசரி சுமார் 4.5, அதனால் அவருக்கு அது ஆமை வேகம். டொனால்ட் 285 பவுண்டு டிஃபென்சிவ் டேக்கிள் (தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் கனமான ஆள்), அவர் இடத்தில் ஐந்து விநாடியைத் தாண்டுவது சகஜம். அதனால் அவருக்கு அது அதிசயம்.

ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இன்னோர் எண் எழுதுங்கள். வீரரின் அளவுக்கும் அவர் இடத்துச் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை, அந்த இடத்தின் திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுத்தால் போதும். ஓட்டத்தில் நேரம் சராசரியைவிடக் குறைந்தால்தான் பிளஸ். பிளஸ் ஒன்றுக்கு மேல் என்றால் நல்லது, மைனஸ் இரண்டுக்குக் கீழ் என்றால் சிவப்பு மை. கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் கென்ட் லீ பிளாட் உருவாக்கிய ராஸ் மதிப்பெண் இருக்கிறது. 1987 முதல் அதே இடத்தில் ஆடிய எல்லோரோடும் ஒப்பிட்டுப் பத்துக்கு இவ்வளவு என்று சொல்லிவிடும். ஜான் ராஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயர் அப்படி அமைந்துவிட்டது. ஒரே குறை, தனித்தனி எண்களைக் கலந்து சாம்பாராக்கிவிடும். கப் மாதிரி ஒன்றில் மட்டும் மின்னுபவர் அதில் அடிபட்டுப் போவார்.

அன்குவான் போல்டினின் கதையை முடித்துவிடுகிறேன். அரிசோனா கார்டினல்ஸ் அவரை 54ஆவதாக எடுத்தது. முதல் சீசனிலேயே 101 பந்துகள் பிடித்தார்.

படி 8: காலியான கட்டங்கள்

ஓடாதவர்களை என்ன செய்வது? லாமார் ஜாக்சன் 2018-இல் 40 ஓட மறுத்தார். குவாட்டர்பேக் வேண்டாம், ரிசீவராக ஆடு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு எதற்கு எண்ணைக் கொடுப்பது என்ற கணக்கு. 32ஆவதாகப் போனவர் அடுத்த ஆண்டே லீக்கின் சிறந்த வீரர். மார்வின் ஹாரிசன் ஜூனியர் 2024-இல் எங்கேயும் ஓடவில்லை, நான்காவது ஆளாகவே போனார். மேல்மட்ட வீரருக்குக் காலிக் கட்டம் பெரிய குற்றமில்லை. நாலாம் சுற்று ஐந்தாம் சுற்று ஆள், காயமும் இல்லாமல் ஷட்டிலை மட்டும் தவிர்த்திருந்தால் நான் அதை மோசமான நேரமாகவே கணக்கில் வைப்பேன்.

மருத்துவ அறிக்கை நமக்குக் கிடைக்காது. அணிகளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 2013-இல் ஸ்டார் லோடுலேலே என்ற வீரருக்கு இதயத்தில் கோளாறு என்று கம்பைனில் சந்தேகப்பட்டு அவரை ஓட விடவில்லை. பிறகு சரியாகி, 14ஆவதாகக் கரோலினா எடுத்தது. நல்ல எண் வைத்திருப்பவர் டிராஃப்டில் காரணமில்லாமல் சரிந்தால் மருத்துவர் கையெழுத்து எங்கோ இருக்கும்.

படி 9: இப்போது ஆட்டத்தைப் போடுங்கள்

தாள் நிரம்பிவிட்டது. இனி ஆட்டப் பதிவுக்கு வாருங்கள், ஆனால் கேள்வியோடு வாருங்கள். கூம்பு ஓட்டம் மைனஸ் இரண்டு என்றால், அவர் நின்று திரும்பும் இடங்களை மட்டும் தேடிப் பாருங்கள். 10 கெஜம் பிரமாதம் என்றால், பந்து அசைந்த நொடியில் எதிராளிக்கு முன் அவர் கால் எழுகிறதா என்று பாருங்கள். எண்ணும் ஆட்டமும் ஒத்துப் போனால் மேலே போகலாம். ஒத்துப் போகவில்லையென்றால் இன்னும் மூன்று ஆட்டம் பாருங்கள். சீக்கிரம் முடிக்க வழியில்லை.

ஒத்துப் போகாததற்கு ஒரு காரணம் பயிற்சி. 1995-இல் பாஸ்டன் கல்லூரியின் மைக் மமூலா கம்பைன் சோதனைகளையே குறிவைத்துத் தயாராகி வந்து அசத்தினார். ஈகிள்ஸ் வேறோர் அணியோடு தேர்வு வரிசையில் இடம் மாற்றிக்கொண்டு அவரை 7ஆவதாக எடுத்தது. ஐந்து இடம் தள்ளி வாரன் சாப் போனார், அவர் இன்று புகழ்மண்டபத்தில் இருக்கிறார். பாவம் மமூலா, ஐந்து சீசனில் 31.5 சாக் (குவாட்டர்பேக்கைப் பந்து வீசும் முன்பே வீழ்த்துவது) எடுத்தவரைத் தோல்வி என்று சொல்வது அநியாயம். ஆனால் இன்று எல்லாரும் மமூலாதான். ஜனவரியிலிருந்து பயிற்சிக் கூடத்தில் முதல் அடியை எப்படி வைப்பது என்பதையே வாரக்கணக்கில் பழகுகிறார்கள்.

இன்னொன்று, சில இடங்களில் இந்தச் சோதனைகள் எதையுமே அளப்பதில்லை. 2000-இல் டாம் பிராடி 5.28 ஓடி, 24.5 அங்குலம் எம்பி, 199ஆவதாகப் போனார். 2023-இல் ஆந்தனி ரிச்சர்ட்சன் 244 பவுண்டில் 4.43 ஓடி, 40.5 அங்குலம் எம்பி, குவாட்டர்பேக்குகளில் யாரும் பார்க்காத தாளோடு நான்காவதாகப் போனார். கல்லூரியில் தொடக்க ஆளாக அவர் ஆடியதே 13 ஆட்டம்தான். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸில் 2024 சீசன் நடுவிலேயே அவரை உட்கார வைத்தார்கள். குவாட்டர்பேக் தாளை நான் கடைசியில்தான் திறப்பேன், பெரும்பாலும் உயரத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

ஒரு தாளைச் சேர்ந்தே படிப்போம்

டி. கே. மெட்காஃப், மிசிசிப்பி பல்கலைக்கழகம், 2019. வைட் ரிசீவர்.

6033, 228 பவுண்டு. ரிசீவருக்கு மலை மாதிரி உடம்பு. 40 கெஜம் 4.33. சராசரி 4.5, விலக்கம் சுமார் 0.1 என்று வைத்தால் பிளஸ் 1.7. எடையையும் சேர்த்தால் நம்பமுடியாத எண். எம்பியது 40.5 அங்குலம், தாண்டியது 11 அடி 2 அங்குலம். இதுவரை பச்சை மை.

மூன்று கூம்பு: 7.38. ரிசீவர்களின் சராசரி 6.95 பக்கம், விலக்கம் 0.2 என்றால் மைனஸ் இரண்டுக்கும் கீழ். பிராடியே 2000-இல் 7.20 ஓடியிருக்கிறார் என்று அன்று இணையம் முழுக்கக் கிண்டல். சிவப்பு மை.

சரி, ஆட்டப் பதிவு என்ன சொல்கிறது? கல்லூரியில் அவர் பெரும்பாலும் இடது ஓரத்தில் நின்றார். நேராகப் பறப்பது, சின்னதாகக் குறுக்கே வெட்டுவது, நின்று திரும்புவது என்று நாலைந்து பாதைகள்தான். நின்று திரும்பும்போது இரண்டு மூன்று அடி கூடுதலாக எடுத்துக்கொண்டார். தாள் சொன்னதும் பதிவு சொன்னதும் ஒன்றுதான். வளைந்து நெளிந்து ஓடச் சொல்லும் அணிக்கு இவர் வேண்டாம். நேராக அனுப்பி மேலே தூக்கிப் போடும் அணிக்குப் பொக்கிஷம். என் தாளில் 'நேர்கோடு' என்று ஒரே வார்த்தை எழுதி, இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் வைத்தேன். நிஜத்தில் இரண்டாம் சுற்றின் கடைசி ஆளாக, 64ஆவதாக, சியாட்டில் எடுத்தது. அங்கே ரஸல் வில்சன் இருந்தார், தூக்கிப் போடுவதில் கைதேர்ந்தவர். முதல் சீசனில் 900 கெஜம், இரண்டாவதில் 1,303.

2020 அக்டோபர் 25, அரிசோனாவில் ஆட்டம். கோல் கோட்டுக்கு அருகே வில்சன் போட்ட பந்தை அரிசோனாவின் புடா பேக்கர் பறித்துக்கொண்டு மறுமுனைக்கு ஓடினார். முன்னால் யாரும் இல்லை, டச்டவுன் என்று எல்லோரும் முடிவு கட்டியாயிற்று. திரையின் ஓரத்திலிருந்து மெட்காஃப் வந்தார். மணிக்கு 22.64 மைல், நம் கணக்கில் 36 கிலோமீட்டர். மைதானத்தின் முழு நீளமும் துரத்தி, எட்டு கெஜம் மிச்சமிருக்கும்போது பேக்கரைப் பிடித்துத் தள்ளினார். அப்புறம் நான்கு முயற்சியிலும் அரிசோனாவால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. அந்த ஓட்டத்தில் அவர் சுற்றிவர வேண்டிய கூம்பு ஒன்றுகூட இல்லை.